இன்சுலின் தந்த பாண்டிங்

– முன்னாள் மாணவர், விலங்கியல் (1978–81)



மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது கல்லூரி நினைவுகளைப் பற்றி ஒரு கட்டுரை. விடுதி, மெஸ் சாம்பார், ஸ்டிரைக், திருட்டுத்தனமாகப் பார்த்த இரண்டாம் ஆட்டம் என்று எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். என்னைவிட நன்றாகவே எழுதுவார்கள். நான் ஒரு மனுஷனைப் பற்றி எழுதுகிறேன். அவர் நம் கல்லூரியில் படித்தவரும் இல்லை, பாடம் நடத்தியவரும் இல்லை. 1941-லேயே இறந்துபோனவர். ஆனால் அவர் இல்லாவிட்டால், 1976-ல் பி.யு.சி. சேர்ந்த நான் அந்த வருஷத் தீபாவளியைப் பார்த்திருக்க மாட்டேன்.

விடுதியில் என்னோடு இருந்தவர்களுக்குக் கதை தெரியும். மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சேர்ந்த மூன்றாம் மாதம் உடம்பு இளைக்க ஆரம்பித்தது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தேன், ராத்திரி ஆறேழு தடவை எழுந்து போனேன். அறை நண்பர்கள் கேலி செய்தார்கள், காதல் நோய் என்றார்கள். ஒருநாள் மெஸ் வாசலிலேயே மயங்கி விழுந்தேன். ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது எனக்கு நீரிழிவு என்றும், இனி ஆயுள் முழுக்க தினமும் ஊசி என்றும் சொன்னார்கள். வயது பதினேழு. ஆரஞ்சுப் பழத்தில் தண்ணீரை ஏற்றி ஊசி குத்தப் பழக்கிய இளம் டாக்டர்தான் முதன்முதலில் பிரெடெரிக் பாண்டிங் என்ற பெயரை என் காதில் போட்டார். இந்த மருந்தைக் கண்டுபிடித்தவர் முதல் வருஷப் பரீட்சையில் தோற்றவர், தெரியுமா என்று கேட்டார். அந்த வருஷம் நானும் பௌதிகத்தில் கோட்டைவிட்டு அக்டோபரில் எழுதினேன், ஒரு வருஷம் போச்சு. அந்தப் பேச்சு நினைவில் இருந்ததால் அவமானம் கொஞ்சம் குறைந்தது என்றே சொல்லவேண்டும்.

பாண்டிங் பிறந்தது 1891 நவம்பர் 14, கனடா நாட்டில் ஒன்டாரியோ மாகாணத்தில் அல்லிஸ்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில். அப்பா விவசாயி. ஐந்து பிள்ளைகளில் இவர் கடைக்குட்டி. நம் நாட்டில் நவம்பர் 14 குழந்தைகள் தினம், உலகம் முழுக்க அதே தேதி நீரிழிவு தினம். அது இவருடைய பிறந்தநாளை ஒட்டி வைத்தது. இரண்டும் ஒரே நாளில் வருவது தற்செயல்தான். ஆனாலும் இந்த மருந்தால் முதலில் பிழைத்தவர்கள் குழந்தைகள்தான் என்பதால், பொருத்தமான தற்செயல் என்று நினைத்துக்கொள்வேன்.

படிப்பில் சுமார். 1910-ல் டொரான்டோ பல்கலைக்கழகத்தின் விக்டோரியா கல்லூரியில் கலைப் பிரிவில் சேர்ந்தார், முதல் வருஷம் தேறவில்லை. பிறகு கேட்டு மன்றாடி 1912-ல் மருத்துவப் படிப்புக்கு மாறினார். முதல் உலகப் போர் வந்தது. ராணுவத்துக்கு டாக்டர்கள் வேண்டுமென்று படிப்பைச் சுருக்கி 1916 டிசம்பரிலேயே பட்டம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். 1918-ல் பிரான்ஸில் கம்ப்ரே சண்டையில் குண்டுச் சிதறல் வலது கையில் பாய்ந்தது. ரத்தம் ஒழுகிக்கொண்டிருக்கும்போதே மணிக்கணக்கில் மற்றவர்களுக்குக் கட்டுப்போட்டாராம். அதற்காக மிலிட்டரி கிராஸ் பதக்கம் கிடைத்தது. பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம். பின்னால் அவர் சாதித்ததற்கும், சண்டை போட்டதற்கும் இதுதான் காரணம்.

போர் முடிந்து திரும்பியபின் டொரான்டோ குழந்தைகள் மருத்துவமனையில் அறுவை சிகிச்சைப் பயிற்சி. அங்கேயே நிரந்தர வேலை கிடைக்கும் என்று நம்பினார், கிடைக்கவில்லை. 1920 ஜூலையில் லண்டன் என்கிற ஊரில் (இங்கிலாந்து லண்டன் இல்லை, ஒன்டாரியோவிலேயே அந்தப் பெயரில் ஓர் ஊர்) வீட்டை வாங்கி போர்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வாரக்கணக்கில் ஒரு நோயாளிகூட வரவில்லை. முதல் மாத வருமானம் 4 டாலர். கல்யாணம் நிச்சயமான பெண் வேறு காத்திருந்தாள். கைச்செலவுக்காக உள்ளூர் மருத்துவக் கல்லூரியில் பகுதிநேர உதவியாளராகச் சேர்ந்தார். புதிதாகப் பட்டம் வாங்கி, வேலைக்கு அலைகிற நம் மாணவத் தம்பிகள் இந்த இடத்தை இரண்டு தடவை படிக்கலாம்.

அந்தப் பகுதிநேர வேலைதான் திருப்பம். உடம்பு மாவுச்சத்தை எப்படிப் பயன்படுத்துகிறது என்று மாணவர்களுக்குப் பாடம் எடுக்கவேண்டியிருந்தது. அவருக்கு அதில் பெரிய ஞானம் கிடையாது. 1920 அக்டோபர் 30 இரவு தயார் செய்துவிட்டுப் படுக்கப் போகும்முன், மோசஸ் பேரன் என்பவர் கணையத்தில் கல் அடைப்பதைப் பற்றி எழுதிய கட்டுரையைப் படித்தார். தூக்கம் வரவில்லை. விடியற்காலம் இரண்டு மணிக்கு எழுந்து நோட்டுப் புத்தகத்தில் சில வரிகள் கிறுக்கினார். அதில் நீரிழிவு என்பதற்கான ஆங்கிலச் சொல்லையே தப்பாக எழுதியிருக்கிறார்! ஸ்பெல்லிங்குக்கு மதிப்பெண் குறைக்கும் ஆசிரியப் பெருமக்கள் மன்னிக்க.

அப்படி என்ன யோசனை? கணையம் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, சாப்பாட்டைச் செரிக்கும் நீரைச் சுரந்து குழாய் வழியாகக் குடலுக்கு அனுப்புவது. இன்னொன்று, அதனுள்ளே தீவுகள் போலச் சிதறிக் கிடக்கும் லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் ரத்தத்தில் ஏதோ ஒன்றைக் கலப்பது. அந்தத் திட்டுகளை பால் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மன் மாணவர் 1869-லேயே பார்த்திருந்தார். கணையத்தை வெட்டி எடுத்துவிட்டால் நாய்க்கு நீரிழிவு வரும் என்பதை மின்கோவ்ஸ்கியும் வான் மெரிங்கும் 1889-ல் காட்டியிருந்தார்கள். ஆக, சர்க்கரையை அடக்கும் சரக்கு கணையத்தில்தான் இருக்கிறது என்று முப்பது வருஷமாக எல்லோருக்கும் தெரியும். அதைப் பிரித்தெடுக்கத்தான் யாராலும் முடியவில்லை. செரிமான நீரே அதைத் தின்றுவிடுகிறது என்று நினைத்தார்கள். பாண்டிங்கின் யோசனை, குழாயை முடிச்சுப் போட்டு அடைத்துவிட்டால் செரிமான நீர் சுரக்கும் பகுதி சில வாரங்களில் வாடிப்போகும், திட்டுகள் மட்டும் மிஞ்சும், அப்போது சாறெடுக்கலாம் என்பது.

இதைத் தூக்கிக்கொண்டு டொரான்டோவுக்கு ஓடி, உடலியல் பேராசிரியர் மக்ளியாடைப் பார்த்தார். மக்ளியாட் ஸ்காட்லாந்துக்காரர், அந்தத் துறையில் உலகப் புகழ் பெற்றவர். ஆராய்ச்சி அனுபவமே இல்லாத ஒரு சின்ன டாக்டர் வந்து மேலோட்டமாகப் பேசியதில் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் விரட்டிவிடவில்லை. கோடை விடுமுறையில் காலியாகக் கிடந்த ஒரு ஆய்வறை, பத்து நாய்கள், ஓர் உதவியாளர், இவ்வளவும் கொடுத்தார். உதவியாளர் சார்லஸ் பெஸ்ட், அப்போதுதான் பி.ஏ. முடித்திருந்த பையன். இரண்டு மாணவர்களில் யார் முதலில் போவது என்று காசு சுண்டிப் பார்த்ததில் பெஸ்ட் வந்தார் என்று சொல்வதுண்டு.

1921 மே 17 வேலை ஆரம்பம். ஜூனில் மக்ளியாட் ஊருக்குப் போய்விட்டார். மேல்மாடி அறை, கோடை வெக்கை, நாற்றம். நாய்கள் அறுவையிலும் சீழ்பிடித்தும் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. கட்டிய முடிச்சுகள் கரைந்துபோய், ஏழு வார உழைப்பு வீணாகி மறுபடி முதலிலிருந்து கட்டவேண்டி வந்தது. சம்பளம் கிடையாது. விலங்கியல் சோதனைச்சாலையில் தவளையை அறுக்கவே கை நடுங்கிய எனக்கு, அந்த நாய்களை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசையும். ஆனால் நான் அவற்றின் தயவில் உயிரோடிருப்பவன், நியாயம் பேசும் யோக்கியதை எனக்கில்லை.

ஜூலை 30-ம் தேதி, 410 என்று எண்ணிட்ட நாய்க்குச் சாறைச் செலுத்தினார்கள். ரத்தச் சர்க்கரை 200-லிருந்து ஒரு மணி நேரத்தில் 120 அளவுக்கு இறங்கியது. அது மறுநாள் செத்துப்போனாலும் இறங்கியது இறங்கியதுதான். பின்னால் மார்ஜரி என்று பெயர் வைத்த ஒரு நாய், கணையமே இல்லாமல் ஊசியின் பலத்தில் எழுபது நாள் போல இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், பாண்டிங்கின் மூல யோசனை தப்பு. குழாயை முடிச்சுப்போட வேண்டிய அவசியமே இல்லை. கணையத்தில் இருக்கும்போது செரிமானப் புரதம் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறது, குடலுக்குப் போனபிறகே விழிக்கும். குளிர்ச்சியில் வைத்து, ஆல்கஹாலில் சாறெடுத்தால் போதும், கசாப்புக் கடையில் கிடைக்கும் முழு மாட்டுக் கணையமே உதவும். இதை அந்த வருஷக் கடைசியில் அவர்களே கண்டுகொண்டார்கள். தப்பான வழியில் புறப்பட்டு, கதவைத் தட்டிக்கொண்டே இருந்து, சரியான வீட்டுக்குள் போன கதை.

டிசம்பரில் ஜேம்ஸ் காலிப் என்ற உயிர்வேதியியலாளர் சேர்ந்தார். என்னைக் கேட்டால் இந்தக் கதையில் நியாயமாகப் பேசப்படாதவர் இவர்தான். எல்லோரும் பாண்டிங், பெஸ்ட் என்று இரட்டையர் போலச் சொல்வார்கள். அந்தக் கலங்கல் சாறை மனுஷ உடம்பில் ஏற்றும்படி சுத்தம் செய்தவர் காலிப்.

1922 ஜனவரி 11. டொரான்டோ பொது மருத்துவமனை. லியோனார்ட் தாம்சன், பதினான்கு வயதுப் பையன், எடை 65 பவுண்டு, நம் கணக்கில் 30 கிலோவுக்கும் குறைவு. அந்தக் காலத்தில் இந்த நோய்க்கு இருந்த ஒரே வைத்தியம் பட்டினி. அமெரிக்காவில் ஆலன் என்ற டாக்டர், உயிர் ஒட்டிக்கொண்டிருக்கும் அளவுக்கு மட்டும் சாப்பாடு கொடுத்து நாளைத் தள்ளிப்போடுவார். சர்க்கரையால் சாவதா, பசியால் சாவதா என்பதுதான் கேள்வி. லியோனார்டுக்கு பாண்டிங்–பெஸ்ட் தயாரித்த சாறை ஊசி போட்டார்கள். சர்க்கரை கொஞ்சம் இறங்கியது, குத்திய இடத்தில் கட்டி கிளம்பியது. நிறுத்திவிட்டார்கள். காலிப் ராப்பகலாக உழைத்தார். ஆல்கஹாலின் வீரியத்தை ஏற்றிக்கொண்டே போனால் வேண்டாத புரதங்கள் முதலில் படிகின்றன, 90 சதவீதத்தை ஒட்டி வரும்போது நமக்கு வேண்டிய சரக்கு படிகிறது என்று கண்டுபிடித்தார். ஜனவரி 23-ல் அவருடைய சாறு ஏறியது. 520 இருந்த சர்க்கரை 120-க்கு வந்தது. பையன் எழுந்து உட்கார்ந்தான். அதன்பின் 13 வருஷம் வாழ்ந்து 1935-ல் நிமோனியாவில் இறந்தான்.

இத்தனை பெரிய காரியம் நடந்த அதே வாரம் ஆய்வறைக்குள் அடிதடி. செய்முறையைச் சொல்லமாட்டேன், தனியே காப்புரிமை வாங்கிக்கொள்கிறேன் என்கிற மாதிரி காலிப் பேசப்போக, பாண்டிங் அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். ஜனவரி 25-ல் எல்லோரும் கையெழுத்துப் போட்டு ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகுதான் வேலை நடந்தது. பாண்டிங்குக்கு மக்ளியாட் மேலும் ஆத்திரம். முந்தைய டிசம்பரில் நியூ ஹேவன் நகரில் நடந்த மாநாட்டில் பாண்டிங் மேடை பயத்தில் உளறிவிட்டார். கேள்விகளுக்கு மக்ளியாட் எழுந்து பதில் சொன்னார். என் கண்டுபிடிப்பைப் பிடுங்கிக்கொண்டார் என்று பாண்டிங் அன்றைக்கு மனசில் முடிச்சுப் போட்டுக்கொண்டார். சோதனைச்சாலை ஆல்கஹாலையே குடித்துவிட்டுப் படுக்கும் அளவுக்கு அந்த வசந்த காலத்தில் மனுஷன் நொந்துபோயிருந்தார். பெஸ்ட்தான் போய் இழுத்துவந்தாராம்.

பெரியவர்கள் இப்படியா என்று சில மாணவர்களுக்குத் தோன்றும். எனக்கும் ஒரு காலத்தில் வருத்தமாக இருந்தது. வயசான பிறகு அது போய்விட்டது. கோபக்காரர், பொறாமைக்காரர், நன்றாகப் பேசத் தெரியாதவர், சரியாகப் படிக்காதவர். என் மருந்து அவர் மூலமாக வந்தது.

1922 கோடையில் குழந்தைகள் வர ஆரம்பித்தார்கள். டெடி ரைடர் என்று ஐந்து வயதுப் பையன், 12 கிலோதான் எடை. எலிசபெத் ஹியூஸ், அமெரிக்க வெளியுறவுச் செயலாளரின் மகள், பதினைந்து வயதில் 20 கிலோ. எலும்பும் தோலுமாய் வந்தவர்கள் சில வாரத்தில் கன்னம் வைத்துவிட்டார்கள். எலிசபெத் கல்லூரிப் படிப்பு முடித்து, கல்யாணம் செய்து, பிள்ளைகள் பெற்று 1981-ல் மறைந்தார். அதுவரை சுமார் 42,000 ஊசி போட்டிருப்பார் என்று கணக்கு. டெடி 1993 வரை இருந்தார். அதாவது 1976-லிருந்து பதினேழு வருஷம், அவரும் நானும் உலகின் இரண்டு மூலைகளில் காலையில் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறோம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு தோழன் இருந்த மாதிரி தோன்றும்.

காப்புரிமை விஷயம் கட்டாயம் சொல்லவேண்டும். 1923 ஜனவரியில் பாண்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் ஆளுக்கு 1 டாலர் வாங்கிக்கொண்டு உரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். டாக்டராக இருப்பவன் மருந்துக்கு உரிமை கொண்டாடக்கூடாது என்பது பாண்டிங்கின் கொள்கை, முதலில் தன் பெயரையே போட மறுத்தார். அப்படி விட்டுக்கொடுத்த மருந்தின் விலை நூறு வருஷம் கழித்து அமெரிக்காவிலேயே பலருக்கு எட்டாமல் போய், பெரிய சண்டையாகி, 2023-ல்தான் பெரிய கம்பெனிகள் 70 சதவீதமும் அதற்கு மேலும் குறைத்தன.

அதே 1923-ல் நோபல் பரிசு, பாண்டிங்குக்கும் மக்ளியாடுக்கும். பாண்டிங்குக்கு அப்போது 32 வயதுகூட ஆகவில்லை, மருத்துவத்தில் அந்த வயதில் வாங்கியவர் இன்றுவரை வேறு யாரும் இல்லை. சந்தோஷப்படுவதற்குப் பதில் மக்ளியாடோடு பங்கா என்று குதித்தார். தன் பணத்தில் பாதியை பெஸ்டுக்குக் கொடுத்தார். மக்ளியாட் தன் பங்கில் பாதியை காலிப்புக்குக் கொடுத்தார். மக்ளியாட் அநியாயமாகக் கெட்ட பெயர் வாங்கினார் என்பது என் அபிப்பிராயம். இடமும் ஆளும் கொடுத்து, சரியான சோதனைகளைச் செய்யவைத்து, காலிப்பையும் உள்ளே கொண்டுவந்தவர் அவர். 1928-ல் மனம் கசந்து அபர்டீனுக்குத் திரும்பி 1935-ல் இறந்தார். ருமேனியாவில் பவுலெஸ்கு என்பவர் இதே மாதிரி சாறைப் பற்றி 1921-லேயே எழுதியிருந்தார். அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

பிந்தைய பாண்டிங்கைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. நாடே கொண்டாடியது, ஆயுள் மானியம் கொடுத்தது, 1934-ல் சர் பட்டம் வந்தது. புற்றுநோய், சுரங்கத் தூசியால் வரும் நுரையீரல் நோய் என்று பலதும் ஆராய்ந்தார், இன்னொரு இன்சுலின் அகப்படவில்லை. முதல் கல்யாணம் முறிந்தது. 1937-ல் மறுமணம். அவருக்கு நிம்மதி தந்தது படம் வரைவதுதான். ஏ.ஒய். ஜாக்சன் என்ற ஓவியரோடு பனியிலும் குளிரிலும் அலைந்து கிராமங்களை வரைவார், 1927-ல் வடதுருவப் பகுதிவரைகூடப் போனார்கள். இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் உடல்நலம் பற்றிய ஆராய்ச்சியில் இறங்கினார். அந்த வேலையாக 1941 பிப்ரவரியில் இங்கிலாந்துக்குக் கிளம்பிய ராணுவ விமானம் நியூஃபவுண்ட்லாந்தில் விழுந்தது. விமானி பிழைத்தார். காயப்பட்டுக் கிடந்த பாண்டிங் பிப்ரவரி 21-ம் தேதி இறந்தார். வயது 49.

அவர் போன பிறகு அவருடைய மருந்து போன தூரம்தான் பெரிது. விடுதியில் என் அறையில் இருந்தது கண்ணாடி சிரிஞ்சு, எஃகு ஊசி. மெஸ் மாஸ்டர் காப்பிக்கு வெந்நீர் வைக்கும்போது ஒரு சின்னப் பாத்திரத்தில் அதையும் கொதிக்கவைத்துக் கொடுப்பார். ஃபிரிட்ஜ் ஏது? ஈர மணலில் வைத்த மண்பானைக்குள் மருந்துக் குப்பி. சர்க்கரை பார்க்க, வேதியியல் ஆய்வுக்கூட அட்டெண்டர் அண்ணன் கொடுத்த பெனடிக்ட் கரைசல், அதில் எட்டுச் சொட்டு சிறுநீர், ஸ்பிரிட் விளக்கில் காட்டினால் நீலம், பச்சை, மஞ்சள், கடைசியில் செங்கல் சிவப்பு. எத்தனை காலை செங்கல் சிவப்பைப் பார்த்து வயிறு கலங்கியிருக்கிறேன்! மருந்தும் அப்போது மாடு, பன்றிக் கணையத்திலிருந்துதான். கால் கிலோ சுத்தமான இன்சுலினுக்கு இரண்டு டன் பன்றி உறுப்பு வேண்டும் என்பார்கள். 1955-ல் ஃபிரெடெரிக் சாங்கர் இன்சுலினில் எந்த அமினோ அமிலம் எந்த இடத்தில் என்று முழுசாகச் சொன்னார். எந்தப் புரதத்துக்கும் அதுவே முதல் தடவை. 1978-ல் அதன் மரபணுவைச் சாதாரண பாக்டீரியாவுக்குள் புகுத்தி மனித இன்சுலினையே சுரக்க வைத்தார்கள். 1982-ல் கடைக்கு வந்தது.

இப்போது தோலில் ஒட்டிக்கொண்டே சர்க்கரை சொல்லும் சின்ன வில்லை வந்துவிட்டது. வாரம் ஒருமுறை போடும் இன்சுலினுக்கு 2024-ல் ஐரோப்பாவிலும் கனடாவிலும் அனுமதி கிடைத்தது. குடலில் சுரக்கும் ஜி.எல்.பி.-1 என்ற ஹார்மோனைப் போல நடிக்கும் மருந்துகள் இரண்டாம் வகை நீரிழிவையும் உடல் பருமனையும் பற்றிய சிந்தனையையே மாற்றியிருக்கின்றன. அதில் 2005-ல் வந்த முதல் மருந்து, ஒரு விஷப் பல்லியின் எச்சிலில் கிடைத்த பொருளைப் பார்த்துச் செய்தது. விலங்கியல் படித்தவன் என்ற முறையில் எனக்கு அதில் தனிப் பெருமை. முதல் வகை, அதாவது என் வகை, வருவதற்கு முன்பே கண்டுபிடித்துச் சில வருஷம் தள்ளிப்போடும் மருந்துக்கு 2022-ல் அமெரிக்கா அனுமதி தந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, மூல உயிரணுக்களிலிருந்து ஆய்வறையிலேயே வளர்த்த லாங்கர்ஹான்ஸ் திட்டுகளை உடம்பில் ஏற்றி, பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் ஒரு வருஷம் கழித்து இன்சுலின் ஊசியே இல்லாமல் இருந்தார்கள் என்ற முடிவு 2025-ல் வெளியானது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிடவேண்டும், அதில் ஆபத்து உண்டு. ஆனாலும் அந்தச் செய்தியைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

நம் பக்கத்திலும் வேலை நடக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை ஆராய்ச்சியாளர்களும் நாடு முழுக்கச் செய்த ஆய்வு 2023-ல் வந்தது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, இன்னும் 13.6 கோடிப் பேர் வாசற்படியில். அதைவிட என்னை உலுக்கியது வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் அமெரிக்க ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து 2022-ல் வெளியிட்ட ஆய்வு. சிறுவயதுப் பட்டினியால் ஒல்லியாக இருப்பவர்களுக்கு வரும் நீரிழிவு முதல் வகையும் அல்ல, இரண்டாம் வகையும் அல்ல, அது தனி என்று காட்டினார்கள். 2025-ல் உலக நீரிழிவுக் கூட்டமைப்பு அதை ஐந்தாம் வகை என்று ஏற்றுக்கொண்டது.

ஏன் உலுக்கியது என்று சொல்கிறேன். 1977-ல் ஆஸ்பத்திரி ஓ.பி. வரிசையில் எனக்கு முன்னால் நிற்கும் பையன் ஒருவன் இருந்தான். என் வயசு, குச்சி மாதிரி இருப்பான், செங்கல் சூளையில் வேலை. ஊசி போட்டால் மயக்கம் வருகிறது அண்ணே என்று ஒரே வயதுக்காரனான என்னை அண்ணன் என்று கூப்பிட்டுச் சொல்வான். காலேஜ் படிக்கிறவன் என்ற மரியாதை. ஊசி போட்டால் வேளைக்குச் சாப்பிடணும் தம்பி என்று நான் பெரிய டாக்டர் மாதிரி புத்தி சொல்வேன். அவன் வீட்டில் வேளைக்குச் சாப்பாடு இருக்கிறதா என்று நான் கேட்டதே இல்லை, அங்கே சீட்டு எழுதியவர்களும் கேட்டதாக நினைவில்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரி மருந்து, ஒரே அளவில் அறிவுரை. நாலைந்து மாதத்துக்குப் பிறகு அவன் வரவில்லை. ஊர் பெயர்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அவனுக்கு வந்தது எந்த வகை என்று இப்போது யாராலும் சொல்லமுடியாது. வேலூர்க்காரர்களின் ஆய்வைப் பற்றிய செய்தியில் ஒல்லியான, ஏழை, இளம் ஆண்கள் என்று படித்ததும் அவன் முகம்தான் வந்தது.

கனடாவின் லண்டன் ஊரில், விடியற்காலம் இரண்டு மணிக்கு பாண்டிங் எழுந்து கிறுக்கிய அந்த வீடு இப்போது நினைவில்லம். வாசலில் 1989-ல் ஏற்றிய ஒரு தீபம் இருக்கிறது. நீரிழிவுக்கு முழுத் தீர்வு கண்டுபிடிக்கும் நாளில்தான் அதை அணைப்பார்களாம். போய்ப் பார்க்க ஆசை, விசாவும் முழங்காலும் ஒத்துழைத்தால் பார்க்கலாம்.

சங்கமம் அன்று மதியப் பந்தியில் இலை போட்டதும் நான் பத்து நிமிஷம் காணாமல் போவேன், தேடவேண்டாம். ஊசி போட்டுவிட்டு வந்துவிடுவேன். பாயசத்தை நண்பர்கள் யாரும் என் இலையிலிருந்து பாசத்தோடு பிடுங்கவும் வேண்டாம். ஒரு கரண்டிக்கு இரண்டு யூனிட் சேர்த்துப் போட்டுக்கொண்டுதான் உட்காருவேன்.